கல்லா, கண்ணிவெடியா? சோனார், ரேடார் இலக்கு அறிதல்: கேள்வி பதில்

கேள்வி: சார், கல்லையும் கண்ணிவெடியையும் பிரிக்கும் அந்தப் பிரபலமான சோனார் (நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் கருவி) டேட்டாவில், வகை பிரிக்கக் கற்கும் என் கணினி மாடலுக்கு ஒரு தடவை 92 சதவீதம் சரியாக வருகிறது, மறுபடி ஓட்டினால் 78. கோடில் தப்பா?

பதில்: கோடைத் திட்டாதீர்கள். கோர்மன், செஜ்னோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1988-ல் பயன்படுத்திய அந்தத் தொகுப்பில் மொத்தமே 208 எதிரொலிதான்: கண்ணிவெடிக்குப் பதிலாக வைத்த உலோக உருளை 111, பாறை 97. டெஸ்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வைத்தால் 42. அதில் இரண்டு தவறினாலே ஐந்து சதவீதம் போச்சு. பத்தாகப் பிரித்து, மாற்றி மாற்றி டெஸ்ட் செய்து, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரே பொருளைப் பல கோணங்களில் இருந்து பதிவு செய்தவை அவை. எல்லாக் கோணமும் டிரெயினிங்கில் வரும்படி பிரித்தபோது அவர்களின் நெட்வொர்க் நன்றாகத் தேறியது. கண்ணை மூடிக் கலைத்துப் போட்டபோது கொஞ்சம் சறுக்கியது. பார்க்காத கோணம்தான் இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி.

கேள்வி: படம் போதவில்லை. ரேடார் படங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பெருக்கலாமா?

பதில்: பூனைப் படத்துக்குச் சரி, இங்கே வேண்டாம். இந்தப் படங்களை எடுக்கும் செயற்கைத் துளை ரேடார் (பறந்தபடியே பல எதிரொலிகளைச் சேர்த்துப் படமாக்குவது) பக்கவாட்டில் பார்க்கிறது. நிழல் எப்போதும் ரேடாருக்கு எதிர்ப்பக்கம்தான் விழும். படத்தை 90 டிகிரி திருப்பினால் நிழல் நிஜத்தில் விழவே முடியாத திசையில் நிற்கும், மாடல் அதையும் நம்பிக் கற்றுக்கொள்ளும். சில பிக்சல் நகர்த்துங்கள், இரைச்சல் சேருங்கள், போதும்.

கடல் தரையைப் பக்கவாட்டில் படமெடுக்கும் சோனாரிலும் இதே கதை. சொல்லப்போனால் அங்கே எதிரொலியைவிட நிழல்தான் அதிகம் பேசும். கருவி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் போகிறது, நிழலின் நுனி 50 மீட்டர் தூரத்தில், நிழலின் நீளம் இரண்டரை மீட்டர் என்றால் பொருளின் உயரம் அரை மீட்டர். வடிவொத்த முக்கோணக் கணக்குதான். படத்தை வெட்டும்போது நிழலையும் சேர்த்து வெட்டுங்கள். பலர் பளிச்சென்ற புள்ளியை மட்டும் வெட்டிவிட்டு அப்புறம் புலம்புகிறார்கள்.

கேள்வி: ராணுவ வண்டிகளின் ரேடார் படங்கள் கொண்ட எம்ஸ்டார் தொகுப்பில் 99 சதவீதம் எடுத்தேன். களத்தில் இறக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அதில் வழக்கமாக 17 டிகிரி தாழ்கோணத்தில் (ரேடார் கீழ்நோக்கிப் பார்க்கும் கோணம்) டிரெயினிங், 15 டிகிரியில் டெஸ்ட். இரண்டு டிகிரி வித்தியாசம் பெரிய பரீட்சையா? போதாக்குறைக்கு வண்டிகள் நின்ற தரையின் சாயலும் ஒத்துப்போகிறது. வண்டியை அழித்துவிட்டுப் பின்னணியை மட்டும் கொடுத்தாலும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே வகை பிரிக்க முடிகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நீங்களும் நடுப்பகுதியை மறைத்து ஓட்டிப் பாருங்கள். மாடல் டாங்கியைப் பார்க்கிறதா, புல்லைப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ட்ரோனையும் பறவையையும் ரேடார் எப்படிப் பிரிக்கிறது?

பதில்: விசிறி சுழல்வதும் இறக்கை அடிப்பதும் டாப்ளரில் (அசைவால் எதிரொலியின் அதிர்வெண் மாறுவதில்) வேறு வேறு தடம் விடும். நேரம் போகப் போக அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் படத்தை மாடலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எந்த மதிப்பெண்ணைப் பார்ப்பது? துல்லியம் 99 என்றால் போதாதா?

பதில்: கடல் தரையில் 10,000 கல், 10 கண்ணிவெடி என்று வையுங்கள். கல்லில் ஒரு சதவீதம் தவறினாலே 100 பொய் எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஆள் இறங்கியோ ரோபோவை அனுப்பியோ பார்க்க வேண்டும். அதனால் எத்தனை வெடியைப் பிடித்தது, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பொய் எச்சரிக்கை என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.