அறுக்குளா: கேட்டவர்களுக்குச் சொன்னவை

முல்லைத்தீவில் முப்பது வருடம் படகில் போனவன் நான். இப்போது முழங்கால் விடுவதில்லை, வாய்தான் கடலுக்குப் போகிறது. சென்னையில் வஞ்சிரம், சிங்களத்தில் தோர என்பதெல்லாம் நம் அறுக்குளாவைத்தான்.

வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி: சந்தையில் சவரா என்ற வேறு மீனை அறுக்குளா என்று விற்கிறார்களாம். எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டுவதற்கு முன் பாருங்கள். இரண்டுக்கும் உடம்பில் குறுக்குக் கோடுகள் உண்டு, அதை நம்ப வேண்டாம். செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டைப் பாருங்கள். அறுக்குளாவில் அது இரண்டாம் முதுகுச் செட்டை முடியும் இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். சவராவில் முதல் செட்டைக்குக் கீழேயே இறங்கிவிடும். சவராவும் நல்ல மீன்தான், விலைதான் வேறாக இருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: அறுக்குளாப் பொரியல் சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடித்தது. முன்பு இப்படி வந்ததில்லை.

அனேகமாக அது மீனின் குற்றமல்ல, பிடித்தவனின் குற்றம். இந்த இன மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் வெயிலில் கிடந்தால் பக்டீரியா அதை, முகத்தைச் சிவக்கவைத்து அரிப்பைக் கொடுக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு பொரித்தாலும் அவித்தாலும் ஐஸில் போட்டாலும் அது போகாது. மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், அதுதான் வில்லங்கம். இளவயதில் நானும் ஐஸ் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தவன். பதினொரு மீனைச் சாக்கால் மூடிக்கொண்டு கரைக்கு வந்தேன். அன்று வாங்கிய ஒரு வீட்டில் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன்பின் ஐஸ் பெட்டி நிறையாமல் படகைத் தள்ளியதில்லை. மீன் ஏறியவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடிய விடுங்கள், குடலை எடுத்து வயிற்றுக்குள்ளும் நொறுக்கிய ஐஸ் வையுங்கள். தம்பி, இனி மூச்சு முட்டினால் உடனே டாக்டரிடம் போங்கள். மீன் ஒவ்வாமையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அளம்பிலிலிருந்து ஒருவர்: இரை பாதியாக வருகிறது, தூண்டில் வெறுமையாக இருக்கிறது.

அறுக்குளா பின்னால் வந்து வாலைத்தான் முதலில் வெட்டும். படகு இழுத்துச் செல்லும் இரையில் வால் பக்கமாக இன்னொரு தூண்டிலைக் கோர்த்துவிடுங்கள். பல் சவர அலகு போன்றது, முனையில் கம்பி இல்லாவிட்டால் நூல் நிற்காது. விடியலைத் தவறவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா: குழம்பில் துண்டு சக்கையாகிவிடுகிறது.

அதிகம் கொதிக்கவிடுகிறீர்கள், அக்கா. புளியும் தூளும் பச்சை வாசம் போக வற்றிய பிறகு மீனைப் போடுங்கள். கடைசியில் முதற்பால், ஒரு கொதி, இறக்கிவிடுங்கள். அகப்பையால் கிளற வேண்டாம், சட்டியைச் சுழற்றுங்கள். தலையைச் சொதிக்கு வையுங்கள். அதைக் கடையில் விட்டுவிட்டு வருபவர்களை எனக்குப் பிடிக்காது.

ஒரு மாணவன்: தூண்டிலில் பிடித்த மிகப் பெரிய அறுக்குளா எது?

1982இல் தென்னாபிரிக்காவின் ஸ்கொட்பர்க்கில் 44.9 கிலோ. என் கணக்கைக் கேட்காதே.

கனடாவிலிருந்து ஒரு மருமகன்: டிசம்பரில் வருகிறேன் மாமா, கடலுக்குக் கூட்டிப்போவீர்களா?

டிசம்பரில் இங்கே வாடைக்காற்று. படகுகள் மணலில் கவிழ்ந்து கிடக்கும். சித்திரை கழித்து வாரும். டிசம்பரில்தான் வருவேன் என்றால், மாமி கருவாடு பொரித்துத் தருவார்.