குழுப் பெயர்களும் ஒலிப்பதிவுகளும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள பழைய கேசட்டின் உறையில் 'தி வார்லாக்ஸ்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. இது அமெரிக்க ராக் இசைக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் ஆரம்பகாலப் பதிவு என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவும் அவருடைய தோழர்களும் 1965இல் கலிபோர்னியாவில் அந்தப் பெயரில் வாசித்தது உண்மைதான். ஆனால் லூ ரீடின் குழுவும் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் ஆவதற்கு முன் சிறிது காலம் அதே பெயரைத்தான் சூடியிருந்தது. போதாக்குறைக்கு, 1989 அக்டோபர் 8, 9 ஆகிய நாள்களில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில் கிரேட்ஃபுல் டெட் குழுவே 'முன்னாள் வார்லாக்ஸ்' என்று அறிவித்துவிட்டு மேடையேறியது. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் தோன்றிய ஒரு குழுவுக்கும் இதே பெயர். ஆகவே உறையை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள். கார்சியாவின் கிதார் சில இடங்களில் புல்லாங்குழல் போலவோ எக்காளம் போலவோ ஒலித்தால் அது கிதாரின் சுரங்களை வேறு வாத்தியங்களின் ஒலியாக மாற்றும் மிடி கருவியின் வேலை. அப்படியானால் கையில் இருப்பது 1965 அல்ல, 1989 அல்லது அதற்குப் பிந்தையது. ஹாம்ப்டன் பதிவாக இருந்தால் அதுவும் நல்ல புதையல்தான், நண்பர் வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் என்பது யாராவது ஒருவரின் பெயரா?

பதில்: ஒருவர் அல்லர், இருவர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரு அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சித் பாரெட் ஒட்டவைத்தார்.

கேள்வி: ஒரே குழு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயரில் இருப்பதால் என் கோப்புறைகள் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது?

பதில்: பெயர் ஏற்கெனவே வேறொருவருக்கு உரியதாக இருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பிரிட்டனின் சுவேட் குழு அமெரிக்காவில் 'தி லண்டன் சுவேட்' ஆனது. 'தி பீட்' அங்கே 'தி இங்கிலிஷ் பீட்' ஆனது. புஷ் குழு கனடாவில் சில காலம் 'புஷ் எக்ஸ்' என்று அறியப்பட்டது. பிளிங்க் என்ற அயர்லாந்துக் குழு ஒன்று முன்பே இருந்ததால்தான் கலிபோர்னியாவின் பிளிங்க் தன் பெயருக்குப் பின்னால் 182 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டது. என் வழக்கம் இதுதான்: கோப்புறைக்குக் குழு தன் சொந்த நாட்டில் வழங்கும் பெயர், உள்ளே இருக்கும் குறிப்புக் கோப்பிலோ, அந்த இரவில் அரங்கின் வாசலில் எந்தப் பெயர் எழுதியிருந்ததோ அதே பெயர், எழுத்துப் பிசகாமல்.

கேள்வி: எம்பி3 கோப்புகளை ஃபிளாக் (FLAC) என்ற ஒலிக் கோப்பு வடிவத்துக்கு மாற்றிப் பகிர்ந்தேன். ஏன் எல்லோரும் கோபிக்கிறார்கள்?

பதில்: கோபம் நியாயமானது. காதுக்கு எளிதில் எட்டாது என்று கணித்த ஒலித் தகவலை எம்பி3 வெட்டி எறிந்துவிடுகிறது. எறிந்தது திரும்ப வராது. ஃபிளாக் எதையும் இழக்காமல், பெரும்பாலும் மூலத்தின் பாதி அளவுக்கோ சற்றே கூடுதலாகவோ சுருக்குகிறது. எம்பி3யை ஃபிளாக்குக்குள் வைப்பது ஓட்டைப் பானைக்குப் பட்டுத்துணி சுற்றுவதைப் போன்றது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் அலைவரிசைப் படத்தை (spectrogram) திறந்து பாருங்கள்: 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்த கோப்பில் ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் அறுத்தாற்போல வெறும் கறுப்பாக இருக்கும். அனுபவமுள்ளவர்கள் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள். கேசட் காலத்தில் இந்த ஏமாற்று ஓரளவு தானாகவே அம்பலமானது. நகலின் நகலில் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். இன்று நகல் தேய்வதில்லை என்பதால் பொய்யும் தேயாமல் சுற்றிவருகிறது.

கேள்வி: குறுந்தகட்டில் எரித்தபோது பாட்டுக்குப் பாட்டு 'டிக்' என்ற ஓசை கேட்கிறது. தகடு பழுதா?

பதில்: தகடு நன்றாகவே இருக்கிறது, வெட்டிய இடம்தான் தவறு. ஒலித்தகட்டில் ஒரு நொடி 75 சட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 588 மாதிரிகள், அதாவது ஒலி அலையின் அளவீடுகள். பாட்டை அந்த எல்லையில் வெட்டாவிட்டால் கடைசிச் சட்டத்தின் மிச்சத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும், அந்த இமைப்பொழுது மௌனமே உங்கள் 'டிக்'. எல்லையைச் சரிசெய்து மறுபடியும் எரியுங்கள்.

கேள்வி: கச்சேரிப் பதிவுகளை இப்படிப் பகிர்வது திருட்டு இல்லையா?

பதில்: குழுவைப் பொறுத்தது. கிரேட்ஃபுல் டெட் 1984இல் கச்சேரியை ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. அனுமதி தந்த குழுக்களின் நேரடிப் பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் 2002 முதல் சேமித்துவருகிறது. அனுமதி இல்லாத குழுவின் பதிவு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் நான் கைமாற்றுவதில்லை. ஒரு பதிவு அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்துவிட்டால் அதன் சுற்றையும் நிறுத்திவிடுவேன்.

கேள்வி: தேதி தெரியாத பதிவுக்கு உத்தேசமாக ஒரு தேதி போடலாமா?

பதில்: கூடாது. 'தேதி தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கேசட்டில் நானே பென்சிலால் ஒரு தேதியை ஊகித்து எழுதி, பக்கத்தில் கேள்விக்குறியும் இட்டுக் கொடுத்தேன். நாலைந்து கை மாறி அது என்னிடமே திரும்பி வந்தபோது தேதி அச்சில் இருந்தது, கேள்விக்குறி இல்லை.