வேறு தளங்களில் வந்த கட்டுரைகளின் லிங்கை ஆன்லைன் குழுக்களில் பகிரலாமா?

தாராளமாகப் பகிரலாம். ஆனால் லிங்கை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. பழைய ஃபிலிம் கேமராக்களைத் தாங்களே பழுது பார்ப்பவர்களின் குழு ஒன்றில் சில வருடங்கள் அட்மினாக இருந்தேன், அங்கே பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

ஒருவர் ஷட்டர் பாதியில் நின்றுவிடுகிறது என்று படம் எடுத்துப் போட்டுக் கேட்டிருந்தார். நானும் பெரிய கெட்டிக்காரனாக "இதில் தெளிவாக இருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு லிங்க் கொடுத்தேன். மறுநாளே "சரியாகிவிட்டது, மிக்க நன்றி" என்றார். கீழே இன்னும் நாலைந்து பேர் "எனக்கும் உதவியது" என்று எழுதினார்கள். வருடங்கள் கழித்து என் கேமராவிலேயே அதே கோளாறு வந்து, தேடினால் முதலில் வந்து நிற்பது என் பதில்தான்! ஆசையாகக் கிளிக் செய்தேன், அந்த இணைய முகவரி விற்பனைக்கு இருக்கிறது என்று ஒரு பக்கம் திறந்தது. நன்றிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, எதற்கு நன்றி என்பதுதான் இல்லை. எந்த இடத்தைத் துடைக்க வேண்டும், எந்தத் திருகைத் தொடவே கூடாது என்று அன்றைக்கே இரண்டு வரி எழுதியிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் பக்கங்களைச் சேமித்து வருகிறதே என்பீர்கள். அங்கேயும் பார்த்தேன், எழுத்து வந்தது, படங்கள் வரவில்லை. "படத்தில் காட்டியபடி இந்த ஸ்பிரிங்கை விடுவிக்கவும்" என்ற வரியைப் படமில்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, அப்படியானால் கட்டுரையையே காப்பி பேஸ்ட் செய்துவிடலாமே என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். கூடாது. அடுத்தவர் உழைப்பு என்பது ஒரு பக்கம் இருக்க, எழுதியவர் பிறகு ஒரு தவறைத் திருத்தினால் அந்தத் திருத்தம் நம் காப்பிக்கு வரவே வராது, நாம் பழைய தவறையே பரப்பிக்கொண்டிருப்போம்.

வெறும் லிங்கில் இன்னொரு தொல்லை, அதை யாரும் திறப்பதில்லை. ட்விட்டரில் பகிர்ந்த லிங்குகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடக் கிளிக் செய்யவில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் குழுவில் "ஃபிலிம் செத்துவிட்டதா?" என்ற தலைப்பில் ஒரு கட்டுரையை யாரோ பகிர, இரண்டு நாள் சண்டை. எழுதியவருக்கு ஃபிலிமின் அருமை தெரியுமா என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். கட்டுரையின் மூன்றாவது பத்தியிலேயே, சாகவில்லை, திரும்ப வருகிறது என்றுதான் இருந்தது! பகிர்ந்தவராவது படித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது மூன்றாவது நாள் சண்டையாகியிருக்கும்.

அப்புறம்தான் ஒரு விதி வைத்தோம். லிங்க் போடுகிறவர் அதில் தனக்குப் பயன்பட்டது என்ன, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைச் சொந்த வார்த்தையில் ஒரு பத்தியாவது எழுத வேண்டும். சொந்தத் தளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் அதிலேயே கழன்றுகொண்டார்கள். எழுத நேரமில்லை என்று நல்ல உறுப்பினர்கள் சிலரும் போய்விட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அந்த ஷட்டரை நானே தட்டுத்தடுமாறிச் சரிசெய்து, என் பழைய பதிலுக்குக் கீழே படிப்படியாக, ஆறு படங்களோடு எழுதி வைத்தேன். அதற்கு இதுவரை ஒரு நன்றிகூட வரவில்லை.