மூன்று கிளிக் தூரம்

கேள்வி: அமெரிக்க வீரர்கள் ‘மூன்று கிளிக்’ என்கிறார்களே, அது எவ்வளவு தூரம்?

பதில்: மூன்று கிலோமீட்டர். வியட்நாம் போர்க்காலத்தில் பரவிய பேச்சு இது. வீட்டில் மைல் கணக்கில் வளர்ந்தவர்கள் களத்தில் கிலோமீட்டருக்கு மாறக் காரணம் வரைபடம்தான். 1:50,000 அளவுள்ள ராணுவ வரைபடத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கிலோமீட்டர். கட்டங்களை எண்ணினாலே தூரம் தெரிந்துவிடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ‘மில்’ என்ற கோண அளவைத்தான் நான் வியந்து போற்றுவேன்! நேட்டோ படைகள் முழு வட்டத்தை 6400 மில்களாகப் பிரிக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீட்டர் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லாகத் தெரியும். ஆறு மீட்டர் நீள லாரி, தொலைநோக்கிக் கோடுகளில் மூன்று மில்லாகத் தெரிகிறதா? ஆறை மூன்றால் வகுங்கள். லாரி இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. (பக்கவாட்டில் நின்றால்தான் இந்தக் கணக்குச் சரி.) குண்டுகள் விழும் இடத்தில், களைத்துப்போன ஒருவர் மனக்கணக்காகப் போடக்கூடிய எளிமை இது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

சோவியத் முறையில் வட்டத்துக்கு 6000 பிரிவுகள். ஆகவே கருவி எந்த நாட்டுடையது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.