அண்டர்டேக்கரும் பழைய பேப்பர்காரரும்

கேள்வி: பள்ளி நாட்களில் ஆசை ஆசையாகச் சேர்த்த, மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுகள் நூற்றுக்கு மேல் பரணில் இருந்தன. போன மாதம் வீடு மாறியபோது என் மனைவி அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். எங்கோ ஒரு போக்கிமான் கார்டு பல கோடிக்கு விலைபோனதாகப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோடு சரியாகப் பேசுவதும் இல்லை. என் நஷ்டம் எவ்வளவு இருக்கும்?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: நூறு கார்டு என்றால் கால் கிலோ தேறியிருக்கலாம். பழைய பேப்பர் கிலோ என்ன விலை என்று அதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். நஷ்டம் அவ்வளவுதான்.

நீங்கள் படித்தது, போக்கிமான் கார்ட்டூனில் வரும் பிகாச்சுவின் படம் போட்ட ‘பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ கார்டைப் பற்றியதாக இருக்கும். லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் 2021-ல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் வாங்கியது அது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 39 கோடி ரூபாய். அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் 2022-ல் ரெஸில்மேனியா என்ற மல்யுத்தத் திருவிழா மேடைக்கே வந்தார். (முந்தின நாள் இரவுதான் பக்கத்து ஊரான டல்லாஸில் உங்கள் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் பட்டியலில் சேர்த்தார்கள். கார்டில் இருந்தவர் மேடையில் நின்று அழுத மறுநாள், கார்டே மேடையேறியது!)

ஆனால் அந்த பிகாச்சு கடையில் விற்ற சரக்கல்ல. 1997, 98-ல் ஜப்பானில் கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. அப்படிக் கொடுத்ததாகக் கணக்கில் இருப்பது 39தான். உங்கள் கார்டோ பெட்டிக்கடையில் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கியது. அசலா நகலா என்று நீங்களும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

அது மட்டுமல்ல. இந்த வியாபாரத்தில் கார்டுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை மார்க் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு வெளுத்திருக்கிறதா, மேலே கீறல் உண்டா, படம் நட்டநடுவில் அச்சாகியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். பத்துக்கும் ஏழுக்கும் இடையில் விலை மலைக்கும் மடுவுக்கும் போகும். உங்கள் கட்டை நினைத்துப் பாருங்கள். ரப்பர் பேண்டு அழுத்திய தடம், டவுசர் பாக்கெட்டின் வியர்வை, முதுகில் பேனாவால் எழுதிய உங்கள் பெயர், எவனோ கடலைமிட்டாய் தின்ற விரலோடு பிடித்த பிசுக்கு. அவற்றுக்கு மார்க் போட வந்தவன் மயங்கி விழுந்திருப்பான்.

இந்த டிரம்ப் கார்டு ஆட்டத்தை நானும் ஆடியவன்தான், அதனால் சொல்கிறேன். கட்டைக் குலுக்கிச் சரிபாதியாகப் பிரித்து, மேலே இருக்கும் கார்டைப் பார்த்து ஒன்றைக் கேட்க வேண்டும்: ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ். யாருடையது பெரிதோ அவனுக்கு இரண்டு கார்டும். ரேங்கில் மட்டும் சின்ன எண்ணுக்கு மரியாதை. யோகோசுனா வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ‘வெயிட்!’ ஐந்நூறு பவுண்டுக்கு மேல் கனத்த அந்த ஆள் ஜப்பான்காரர் என்றே நம்பினோம். உண்மையில் சமோவா வம்சாவளி அமெரிக்கர். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தவன் எங்கள் வகுப்பிலும் இருந்தான், உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பான். ஒரு கட்டில் ஒரு ஹைட், இன்னொரு கட்டில் அதே ஆளுக்கு வேறு ஹைட் என்று அச்சடித்துவிட்டு, எங்களைச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட வைத்த அந்த முகம் தெரியாத அச்சகத்தாரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவரோடு நீங்கள் பேசாமல் இருந்தால் நியாயம் உண்டு.

இன்னொன்று. பழைய கார்டுக்கு விலை வந்ததே உங்கள் மனைவியைப் போன்றவர்களால்தான். 1880-களில் அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். வெற்று அட்டை எதற்கென்று அதில் நடிகைகளையும் குத்துச்சண்டைக்காரர்களையும் அச்சடித்தார்கள். அட்டை குப்பைக்குப் போனது, தப்பியது அபூர்வமானது. பிறகு 1980-களின் கடைசியில் அமெரிக்கர்கள் உஷாராகி, பின்னாளில் லட்சம் வரும் என்று கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் பூட்டிவைத்தார்கள். கம்பெனிகளும் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. யாரும் தூக்கிப் போடவில்லை. அதனாலேயே அவற்றில் பெரும்பாலானவற்றைச் சீந்த இன்று ஆளில்லை.

உங்கள் கடிதத்தில் ஓர் இடம் எனக்கு இடித்தது. பரணில் அந்தக் கட்டைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது எடுத்து, ‘இது யோகோசுனா, இது பிரெட் ஹார்ட்’ என்று அவரிடம் காட்டியிருக்கிறீர்களா? காட்டாத பொருளுக்கு அவர் எப்படிக் காவல் இருப்பார்?

டிரம்ப் கார்டு இப்போதும் கிடைக்கிறது. ஒரு கட்டு வாங்கிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து சரிபாதி பிரியுங்கள். முதல் கேள்வியை அவர் கேட்கட்டும்.