புதைந்த மண்ணில் பழைய ஈரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்றில் வந்த தூசி படிந்து உருவான சீனாவின் லோயெஸ் மேட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மழையை ஒரு மண் அடுக்கிலிருந்து கணிக்கலாம் என்கிறீர்கள். அதற்குப் பிறகு எத்தனை மழை அதன் வழியே இறங்கியிருக்கும்! பழைய ஈரத்தின் தடம் எப்படி மிஞ்சும்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கேட்க வேண்டிய கேள்வி. மழையளவு மண்ணில் அப்படியே பதிவாவதில்லை. நீர் எவ்வளவு ஆழம் இறங்கியது, எவ்வளவு காலம் தங்கியது, எப்போது காய்ந்தது என்பதுதான் பதிவாகிறது. மழையை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம்.

அங்கே சுமார் 26 லட்சம் ஆண்டுகளாக வடமேற்குப் பாலைகளின் தூசி படிந்துவருகிறது. குளிரும் வறட்சியுமான காலங்களில் தூசி வேகமாகக் குவிந்து மஞ்சள் அடுக்காகும். வெப்பமும் கோடைப் பருவமழையும் கூடிய காலங்களில் தூசி குறைந்து, புல் வளர்ந்து, அது செம்பழுப்பு மண்ணாக மாறும். அடுத்த குளிர் யுகம் வந்து அந்த மண்ணைப் பல மீட்டர் தூசியால் மூடிவிடும். அப்புறம் பெய்கிற மழை பெரும்பாலும் மேலே உள்ள சில மீட்டருக்குள்ளேயே வேர்களுக்கும் வெயிலுக்கும் போய்விடுகிறது. ஆனால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். மேல் அடுக்கின் சுண்ணாம்பு கரைந்து கீழே உள்ள பழைய மண்ணில் வந்து சேர்வது உண்டு. அதைப் பிரித்தறிய வேண்டும்.

அந்த மேட்டிலுள்ள லோச்சுவானில் வெட்டிய சரிவு ஒன்றில் செம்பழுப்பு மண்ணை உடைத்தால் வேர்த்துளைகளின் உட்புறம் பளபளவென்று களிமண் பூசியிருக்கும். நீர் களித்துகள்களைக் கொண்டுபோய் அங்கே விட்டதன் அடையாளம் அது. அதற்கும் கீழே சுண்ணாம்புக் கட்டிகள். நம் கரிசல் காட்டுச் சுக்கான் கல்லேதான். நீர் அதுவரை இறங்கிக் காய்ந்திருக்கிறது. மழை கூடினால் பொதுவாக அந்த வரிசை ஆழத்துக்குப் போகும். ஆனால் மேல்மண் அரித்துப் போயிருந்தாலோ, மேலே குவிந்த எடையால் மண் அமுங்கியிருந்தாலோ மழையைக் குறைவாகக் கணித்துவிடுவோம்.

இன்னொரு தடயம் காந்தத்தன்மை. மண் நனைந்து காய்ந்து நனையும்போது மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் உருவாகின்றன. அதனால் சீனாவில் செம்பழுப்பு மண் அடுக்குகளில் காந்த அளவீடு மஞ்சள் தூசி அடுக்குகளைவிட உயர்ந்திருக்கிறது. 1980களில் லியூ துங்ஷெங், பிரீட்ரிக் ஹெல்லர் என்ற ஆய்வாளர்கள் இந்த உயர்வை லோச்சுவானில் காட்டினார்கள். ஆனால் அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் பல இடங்களில் நிலைமை தலைகீழ்: மண்ணில் அளவு குறைவு. குளிர் யுகங்களில் வலுத்த காற்று கனமான காந்தத் துகள்களைத் தூசி அடுக்கில் சேர்த்தது ஒரு காரணம். நீர் தேங்கிய மண்ணில் அந்தத் துகள்கள் கரைந்துபோவது இன்னொன்று. அதாவது குறைந்த அளவீட்டுக்கு வறட்சியும் காரணமாகலாம், சேறும் காரணமாகலாம். சாம்பல் நிறத் திட்டுகளும் துருப் புள்ளிகளும் இருந்தால் சேறு என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே காந்த அளவீட்டை மட்டும் மழையாக மாற்றிக் காட்டும் வரைபடத்தை நான் நம்புவதில்லை. களிப்பூச்சும் கட்டிகளும் அதே பக்கம் சாய்ந்தால்தான் ஏற்கிறேன்.