பிராக்டிகலில் பாதியை வீட்டிலேயே பழகலாம்

தனியாகப் பிளஸ் டூ இயற்பியல் படிக்கிறேன், செய்முறைக்கு லேப் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கலங்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்யூம் கண்ட்ரோல், சிலிக்கான் டயோடு, 1 கிலோஓம் ரெசிஸ்டர் வாங்கிவிடுங்கள்.

டயோடில் வெள்ளிக்கோடு போட்ட முனை கேத்தோடு. அது பேட்டரியின் மைனஸ் பக்கம் வரட்டும். ரெசிஸ்டரைத் தொடராக இணையுங்கள். அதன் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட் காட்டுகிறதோ, அத்தனை மில்லி ஆம்பியர் மின்னோட்டம். தனி அம்மீட்டரே வேண்டாம்! டயோடின் வோல்ட்டுக்கு எதிராக மின்னோட்டத்தை வரைந்தால், 0.5 வோல்ட் வரை வரைபடம் தரையோடு கிடக்கும், 0.6 தாண்டியதும் சட்டென்று எழும். அதை உங்கள் கையால் வரைந்து பாருங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது.

ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் வீட்டில் நடக்காது. பக்கத்துப் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் நேரில் போய், இரண்டு சனிக்கிழமை லேபில் இடம் கேளுங்கள். அதிலுள்ள வெர்னியர் என்ற நுண் அளவுகோலைப் படிக்கக் கண் பழகத்தான் நாளாகும்.